பின்பக்கத்தில் எழுதிய நாவல்

ஏ-த்ரீ தாள் எப்படியிருக்கும் என்று எங்கள் ஆலையில் வேலை பார்த்த யாரிடம் கேட்டாலும் இரண்டு கையையும் விரித்துக் காட்டுவார்கள். பரீட்சைத் தாள் இரண்டை அருகருகே வைத்த அகலம். முன்பக்கத்தில் ஏதாவது ஓர் உதிரிபாகத்தின் வரைபடம், அதைச் சுற்றிலும் பொடிப்பொடியாக அளவுகள், கீழே வலது மூலையில் சிவப்பு மையில் ஒரு முத்திரை. பின்பக்கத்தில் ஒன்றுமே இருக்காது. வெள்ளை வெளேரென்று, தொட்டால் வழவழவென்று இருக்கும். பேனாவை வைத்தால் தானாக ஓடும். என்னுடைய முதல் நாவலை நான் எழுதியது அந்தப் பின்பக்கங்களில்தான். புத்தகம் போடுவது எப்படி அக்கா என்று இன்றைக்கு யாராவது வந்து கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது பதிப்பகமோ மேடையோ அல்ல, அந்தத் தாள்தான். கூடவே ஒரு பயம் வரும். அதற்குப் பின்னாலேயே ஒரு பெருமூச்சும் வரும்.

நான் சங்கரன்கோவில் பக்கத்துக்காரி. டிப்ளமோ முடித்த கையோடு ஒரகடத்துக்கு வேலைக்கு வந்தவள். கார்களுக்குக் குழாய்களும் மூட்டுகளும் செய்கிற ஆலையில் தரப் பரிசோதனை எனக்கு வேலை. படப்பையில் ஒரு பெண்கள் விடுதியில் தங்கியிருந்தேன். ஓர் அறையில் ஆறு பேர், கட்டில் மூன்று. ஷிப்டு மாறி மாறி வருவதால் ஒருத்தி எழுந்து போன சூட்டில் இன்னொருத்தி படுப்போம். எங்கள் ஆறு பேரைப் பற்றித்தான் நாவல். முதல் ஷிப்டு இரண்டரை மணிக்கு முடிந்து வந்ததும் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து எழுதுவேன். எழுத ஏன் ஒரு நோட்டு வாங்கவில்லை என்று கேட்பீர்கள். வாங்கினேன், கெட்டி அட்டை போட்ட நல்ல நோட்டு. அதன் முதல் பக்கத்தில் பேனாவை வைத்தாலே கை விறைத்துப் போகும். இவள் என்னத்தை எழுதிக் கிழிக்கப் போகிறாள் என்று அந்த நோட்டே பார்த்துக்கொண்டிருக்கிற மாதிரி ஒரு கூச்சம்.

குப்பைத் தாளில் அந்தக் கூச்சம் இல்லை. அப்போது ஒரு புது மாடலுக்கான சோதனை ஓட்டம் எங்கள் உற்பத்தி லைனில் நடந்துகொண்டிருந்தது. வரைபடம் வாரத்துக்கு வாரம் மாறும். மாறிய வரைபடம் வந்ததும் பழைய தாள்கள் கட்டோடு மேசைக்கு அடியில் போகும். அவற்றின் பின்பக்கத்தில் ஓ.டி.க்கு யார் யார் நிற்கிறார்கள் என்று எழுதுவோம், கணக்குப் போட்டுப் பார்ப்போம், டிபன் பாக்ஸைத் திறந்து வைப்போம். நான் நாலைந்து தாளை மடித்துச் சாப்பாட்டுப் பையில் வைத்து விடுதிக்குக் கொண்டு போவேன். கேட்டில் இருந்த செக்யூரிட்டி அண்ணன், உள்ளே படம் எடுக்காமலிருக்கச் செல்போன் கேமராவில் ஒட்டிய ஸ்டிக்கர் கிழிந்திருக்கிறதா, பையில் இரும்பு ஏதாவது இருக்கிறதா என்றுதான் பார்ப்பார். ஒருநாள் தாள்களைத் தொட்டுப் பார்த்து, "இன்னாமா இது, இவ்ளோ பேப்பரு?" என்றார். "ஊருக்கு லெட்டர் எழுதுதேன்ணே" என்றேன். "ஊர்ல எல்லாருக்கும் சேத்து ஒரே லெட்டரா?" என்று சிரித்துவிட்டு விட்டுவிட்டார். முன்பக்கத்தை அவரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. தினமும் எட்டு மணி நேரம் அதே வரைபடத்தை முறைத்துக்கொண்டு நிற்கிறவளுக்கு அது கண்ணில் படுவதே நின்றுபோகும். என்னைப் பொறுத்தவரை என் கையெழுத்து இருந்த பக்கம்தான் முன்பக்கம்.

ஆனால் அந்த வரைபடங்களுக்கு ஒரு காவல்காரர் இருந்தார். டாக்குமென்ட் மேடம் என்று அவரைச் சொல்வோம். பென்னலூரில் பிறந்து வளர்ந்தவர், என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். ஆலையில் எந்தத் தாளாக இருந்தாலும் அதற்கு எண் போடுவது, திருத்தம் வந்தால் புதியதைக் கொடுத்துப் பழையதை எண்ணி வாங்குவது, வாங்கியதைப் பதிவேட்டில் குறித்துவிட்டு இயந்திரத்தில் போட்டுத் துணுக்குத் துணுக்காகக் கிழிப்பது, இவ்வளவும் அவர் வேலை. கண்ணாடி போட்ட ஒரு சின்ன அறையில் இரும்பு பீரோக்களுக்கு நடுவே உட்கார்ந்திருப்பார். யாரோடும் வம்பு பேச மாட்டார், கேன்டீனில் தனியாகச் சாப்பிடுவார். அவர் லைனுக்குள் வந்தால் மேனேஜர் வந்ததைவிட அதிகமாக ஆட்கள் நிமிர்ந்து நிற்பார்கள். ஜெராக்ஸ் என்றால் அவருக்கு ஆகவே ஆகாது. "இது செல்லாது. ஒரிஜினல் எங்க?" என்ற அவருடைய இரண்டு வாக்கியங்களை நாங்கள் விடுதியில் நடித்துக் காட்டிச் சிரித்திருக்கிறோம். அந்த இரண்டு வாக்கியங்களும் என் மண்டைக்குள் எவ்வளவு ஆழமாக இறங்கியிருந்தன என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

நாவல் முடிந்தபோது நூற்றிருபது தாளுக்கு மேல் இருந்தது. அதை நான் பதிப்பகத்துக்கு அனுப்பிய லட்சணத்தைச் சொன்னால் இன்றைக்கு எழுத வருகிற பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். படப்பை நூலகத்தில் கைக்கு வந்த ஒரு புத்தகத்தை எடுத்தேன். பின்னட்டையில் சென்னை முகவரி பெரிய எழுத்தில் இருந்தது. குறித்துக்கொண்டேன். அது மூலிகை வைத்தியப் புத்தகம் என்பது எனக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை. புத்தகம் போடுகிறவர்கள் எல்லாப் புத்தகமும் போடுவார்கள் என்று நினைத்தேன். கடிதம் எதுவும் வைக்கவில்லை. கவரின் மேல் நாவல் என்று எழுதி, அனுப்புநர் இடத்தில் விடுதி முகவரியை எழுதினேன். எல்லாவற்றுக்கும் மேலாக, நகல் எடுத்துக்கொள்ளவில்லை. எடுக்கலாமா என்று யோசித்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஜெராக்ஸை அனுப்பினால் செல்லாது என்று திருப்பிவிடுவார்கள், ஒரிஜினலைத்தான் கேட்பார்கள் என்று முடிவு செய்தேன். ஆலையில் மூன்று வருடம் வேலை பார்த்தவளுக்குத்தான் அப்படி ஒரு புத்தி வரும். ஒரகடம் கூட்டு ரோட்டில் கூரியர் கடையில் கவரை ஒட்டி, மேலே டேப் சுற்றிக் கொடுத்து, ரசீதை வாங்கிப் பர்ஸில் வைத்துக்கொண்டு, அன்று முழுக்க மிதந்துகொண்டே திரிந்தேன்.

ஒரு மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை டாக்குமென்ட் மேடம் கையில் பதிவேட்டோடு எங்கள் லைனுக்கு வந்தார். புது மாடல் கார் இன்னும் சந்தைக்கு வரவில்லை. அதற்கு முன்னால் அந்தக் கார் கம்பெனியின் ஆட்கள் வந்து, கொடுத்த வரைபடம் ஒவ்வொன்றும் எங்கே இருக்கிறது என்று சரிபார்க்கப் போகிறார்களாம். அடுத்த வாரம் புதன்கிழமை. மேசைக்கு அடியில் இருந்ததையெல்லாம் எடுத்து எண்ணினார்கள். நூறு தாளுக்கு மேல் குறைந்தது. எங்கள் லைன் லீடர், மூன்று குழந்தைகளின் தகப்பன், கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "இங்கதான் மேடம் இருந்துச்சு, எங்கயும் போவாது" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அதற்கு ஆறு மாதம் முன்னால்தான் ஒரு பையன் இயந்திரத்தின் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்தான் என்று அன்றைக்கே அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு கேட்டுக்கு வெளியே விட்டிருந்தார்கள். நான் இன்னும் வெளிவராத ஒரு காரின் வரைபடங்களைக் கட்டுக்கட்டாகக் கூரியரில் அனுப்பியிருக்கிறேன். யார் கேட்டாலும் அது திருட்டுத்தான். என் சம்பளத்தை நம்பி ஊரில் தங்கை படித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் வயிற்றுவலி என்று லீவு சொல்லிவிட்டு, படப்பையிலிருந்து தாம்பரத்துக்கு பஸ், அங்கிருந்து மின்சார ரயில் என்று போய்ச் சேர்ந்தேன். பதிப்பகம் ஒரு சந்துக்குள், மாடியில் இருந்தது. பெரிய கட்டடத்தை எதிர்பார்த்துப் போனவளுக்கு அங்கே இரண்டு மேசையும், தரையிலிருந்து கூரைவரை புத்தகக் கட்டுகளும், அவற்றுக்கு நடுவே கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வைத்துக்கொண்டு ஒரு பதிப்பாசிரியரும்தான் கிடைத்தார்கள். மூலையில் கவர்கள் இடுப்பு உயரத்துக்குக் குவிந்திருந்தன. போன மாதம் ஒரு நாவல் அனுப்பினேன், திரும்ப வேண்டும் என்று சொன்னேன். நான் சண்டைக்கு வந்திருக்கிறேன் என்று அவர் நினைத்துவிட்டார். "மன்னிக்கணும்மா. இன்னும் படிக்கல. அந்தக் குவியல்ல இருக்கும். உண்மையச் சொன்னா இன்னும் பிரிக்கவே இல்ல" என்றார்.

"பிரிக்கவே இல்லையா சார்?"

"இல்லம்மா. கோவிச்சுக்காத."

"ரொம்ப நன்றி சார். ரொம்ப ரொம்ப நன்றி" என்று சொல்லி அங்கேயே ஒரு புத்தகக் கட்டின் மேல் உட்கார்ந்து அழுதுவிட்டேன். எழுதுகிறவள் ஒருத்தி, தான் எழுதியதை யாரும் படிக்கவில்லை என்று கேட்டு அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்கு நானாகத்தான் இருக்கும். அவர் தண்ணீர் கொடுத்தார். "முப்பது வருசமா இந்தத் தொழில்ல இருக்கேன், படிக்காததுக்கு நன்றி சொன்ன முதல் ஆள் நீதாம்மா" என்றார். காரணத்தை நான் சொல்லவில்லை, அவரும் துருவவில்லை. குவியலைக் கலைத்து என் கவரைத் தேடி எடுத்துத் தந்தவர், அதன் மேல் எழுதியிருந்ததைப் பார்த்துச் சிரித்தார். வைத்தியமும் சமையலும் போடுகிற இடத்துக்கு நாவல் அனுப்பியிருக்கிறாயே என்றார். அனுப்புவதற்கு முன்னால் அந்தப் பதிப்பகம் போட்ட நாலு புத்தகமாவது படித்துப் பார்த்திருக்க வேண்டும், உன்னுடையதைப் போல ஒன்று அவர்களிடம் உண்டா என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்றார். டைப் செய்து அனுப்பு, நீ யார், கதை என்ன என்று ஒரு பக்கத்துக்கு மிகாமல் கடிதம் வை, நகல் இல்லாமல் ஒரு தாளைக்கூட வீட்டைவிட்டு வெளியே விடாதே என்றார். அந்தக் கடைசி வாக்கியத்துக்கு நான் தலையாட்டிய வேகத்தைப் பார்த்து அவர் பயந்திருப்பார்.

திரும்பி வரும்போது கவரை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். டேப் பிரியவில்லை, ஓரம் கிழியவில்லை. தாம்பரம் வரைக்கும் தப்பித்தோம் என்ற நினைப்பில் பொழுது ஓடியது. பஸ் ஏறியபோதுதான் அடுத்த யோசனை வந்தது. இதை விடுதி மாடியில் போட்டுக் கொளுத்திவிட்டால் என்னை யாரும் பிடிக்க முடியாது. ஆனால் எண்ணிக்கை எண்ணிக்கையாகவே இருக்கும். கழுத்தைத் துடைத்துக்கொண்டு நின்ற லைன் லீடர் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். கொளுத்தினால் நாவலும் போகும். யாருக்கும் தெரியாமல் மேசைக்கு அடியிலேயே திரும்ப வைத்துவிடலாம் என்றால், ஒவ்வொரு தாளின் பின்பக்கத்திலும் என் கையெழுத்து. சேரப்பணஞ்சேரி தாண்டி எங்கள் ஆலை இருக்கும் திருப்பம் வரை பஸ்ஸிலேயே இதை உருட்டிக்கொண்டிருந்து, இறங்க வேண்டிய படப்பையைத் தவறவிட்டேன். இறங்கிய இடத்தில் நின்று இரண்டு நிமிடம் யோசித்தேன். பிறகு நேராக ஆலைக்கு நடந்தேன். மணி நாலு. லீவு போட்டவள் கவரோடு வந்து நிற்பதைப் பார்த்து செக்யூரிட்டி அண்ணன், "இன்னாமா, லெட்டர் திரும்பி வந்துடுச்சா?" என்றார்.

டாக்குமென்ட் மேடம் அறையில் தனியாக இருந்தார். கவரை மேசையில் வைத்து, எங்கே எடுத்தேன், எங்கே அனுப்பினேன், எங்கேயிருந்து கொண்டு வருகிறேன் என்று மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். அவர் கவரைக் கையில் எடுத்து நான்கு ஓரத்தையும் பார்த்தார். டேப்பின் நுனியை நகத்தால் தடவிப் பார்த்தார். கூரியர் ரசீதைக் கேட்டு வாங்கி, அதிலிருந்த எண்ணையும் கவரில் இருந்த எண்ணையும் ஒப்பிட்டார். அதற்குப் பிறகுதான் பிரித்தார். ஒவ்வொரு தாளாக வரைபடத்தின் பக்கத்தைப் பார்த்து எண்ணைக் குறித்துக்கொண்டே வந்தார். என் எழுத்து இருந்த பக்கத்தை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முக்கால் மணி நேரம் நான் நின்றுகொண்டே இருந்தேன். கடைசித் தாளையும் குறித்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்து, "கரெக்டா கீது" என்றார். அவர் முகத்தில் ரத்தம் திரும்பியதை அப்போதுதான் பார்த்தேன். அந்தப் பெண்ணுக்கும் முந்தின இரவு தூக்கம் இருந்திருக்காது என்பது எனக்கு அதுவரை தோன்றவே இல்லை.

"தெரியாம செஞ்சுட்டேன் மேடம். பழைய பேப்பர்னு நெனச்சுட்டேன்" என்றேன்.

"நீ எடுத்துகினு போனது உன் தப்பு. பழசை எண்ணி வாங்காம புதுசக் குடுத்தேன் பாரு, அது என் தப்பு. நாளைக்குத் தர்றோம், நாளைக்குத் தர்றோம்னு உங்க லீடர் சொல்லிகினே இருந்தாரு, நானும் வுட்டுட்டேன்" என்றார். பிறகு, "இத்த நான் மறைக்க மாட்டேன்மா. ரெண்டு தப்பையும் எழுதித்தான் குடுப்பேன்" என்றார்.

அப்படியே செய்தார். மேனேஜருக்கு அவர் எழுதிய ஒரு பக்க அறிக்கையை என்னிடமும் படிக்கக் கொடுத்தார். தன் தவற்றை முதலிலும் என் தவற்றை இரண்டாவதாகவும் எழுதியிருந்தார். தாள்கள் வெளியே போனது உண்மை, ஆனால் பிரிக்கப்படாமலே திரும்பின, சான்றாகக் கவரும் ரசீதும் இணைக்கப்பட்டுள்ளன என்று இருந்தது. அலங்காரமாக ஒரு சொல் கிடையாது. அழுத்தமாக எழுதுவதென்றால் என்னவென்று அந்த ஒரு பக்கத்தில்தான் முதன்முதலாகப் பார்த்தேன் என்பேன். புதன்கிழமை வந்தவர்கள் கவரைப் பார்த்தார்கள், எண்ணிப் பார்த்தார்கள், ஏதோ எழுதிக்கொண்டு போனார்கள். மறுநாள் இரண்டு எச்சரிக்கைக் கடிதங்கள் வந்தன. எனக்கு ஒன்று, மேடத்துக்கு ஒன்று. வேலை போகவில்லை! கடிதத்தை வாங்கிக்கொண்டு கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன். மேடத்துக்குப் பன்னிரண்டு வருட வேலையில் அதுதான் முதல் கடிதமாம். அதற்கும் ஓர் எண் போட்டு அவரே கோப்பில் வைத்தார்.

இனி தாள்களைக் கிழிக்க வேண்டும். விதிப்படி பதினைந்து நாளுக்குள். ஜெராக்ஸ் எடுக்கக் கூடாது, செல்போனில் படம் எடுக்கக் கூடாது, தாள் அந்த அறையை விட்டு வெளியே போகக் கூடாது. ஒன்றரை வருட எழுத்து அங்கே மேசை மேல் கிடந்தது. "பின்பக்கம் மட்டும் வேணும் மேடம்" என்று கேட்டேன், என்ன கேட்கிறேன் என்பது எனக்கே சரியாகத் தெரியாமல். மேடம் பீரோவைத் திறந்து விதிமுறைக் கோப்பை எடுத்து, விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். படித்துவிட்டு, "கையில பாத்து எழுதிக்கிறதப் பத்தி ஒண்ணும் போடல. பின்பக்கத்துல கம்பெனி சமாச்சாரம் ஒண்ணும் இல்ல. நோட்டு எடுத்துகினு வா" என்றார். சாப்பாட்டு இடைவேளையில் அரைமணி நேரம், ஷிப்டு முடிந்த பிறகு ஒரு மணி நேரம். அவர் எதிரிலேயே உட்கார்ந்து எழுத வேண்டும். எழுதி முடித்த தாளை அவர் கையில் கொடுத்தால் பதிவேட்டில் கோடு போட்டுவிட்டு இயந்திரத்தில் விடுவார். கூச்சப்பட்டு மூலையில் போட்டிருந்த கெட்டி அட்டை நோட்டுதான் எடுத்துப் போக முதலில் கைக்குக் கிடைத்தது. அதில் கூச்சப்பட எனக்கு நேரமில்லை.

இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது, எல்லாவற்றையும் எழுதி முடிக்க முடியாது. பாதிதான் முடியும். எந்தப் பாதி என்பதை அங்கேயே, அந்த நிமிடமே முடிவு செய்ய வேண்டும். முதல் அத்தியாயத்தில் மேற்குத் தொடர்ச்சி மலைக்குப் பின்னால் சூரியன் மறைவதை இரண்டு தாளுக்கு எழுதியிருந்தேன். விடுதியில் நடக்கிற கதைக்கு அந்த மலை எதற்கு வந்தது என்று எனக்கே தெரியவில்லை. விட்டேன். ஆறு பெண்களும் உட்கார்ந்து சமுதாயத்தைப் பற்றி நீட்டி முழக்கிப் பேசுகிற இடம் ஒன்று இருந்தது. நாங்கள் நிஜத்தில் சாம்பாரில் உப்பு இல்லாததைப் பற்றித்தான் பேசுவோம். அதையும் விட்டேன். எழுத வேண்டாம் என்று ஒரு தாளை அப்படியே நீட்டும்போதெல்லாம் மேடம் அதை வாங்காமல் என் முகத்தைப் பார்த்து, "நிச்சயமா? போட்டா திரும்ப வராது" என்பார். ஒவ்வொரு தாளுக்கும் கேட்பார், சலிக்காமல் கேட்பார். சில தாளை நீட்டிவிட்டு, அந்தக் கேள்விக்குப் பிறகு திரும்பப் பிடுங்கி உட்கார்ந்து எழுதியிருக்கிறேன். பல தாளுக்குத் தலையாட்டியிருக்கிறேன். இயந்திரம் கரகரவென்று அதை விழுங்கும்போது முதல் இரண்டு நாள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். மூன்றாம் நாளிலிருந்து உடம்பு லேசாகிவிட்டது.

கடைசி நாளில் பதினொரு தாள் மிச்சம் இருந்தது. அதில்தான் என் கதாநாயகி ஷிப்டு பஸ் விபத்தில் செத்துப்போகிறாள். எழுதும்போது நான் கதறி அழுத இடம். இருந்ததோ ஒரு மணி நேரம். எப்படி எழுதினாலும் மூன்று தாளுக்கு மேல் ஆகாது. பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மேடம் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாமா, இன்னும் கொஞ்சம்தான கீது? எழுது" என்றார். இதில் ஒரு பெண் செத்துப்போகிறாள், எழுதினால் நேரம் பற்றாது என்றேன். "செத்தே ஆவணுமா?" என்றார். நாவல் என்றால் கடைசியில் யாராவது சாக வேண்டும் என்று நானே நினைத்துக்கொண்டதுதான். அவள் ஊருக்கு போன் போட்டுத் தங்கையிடம் பேசுகிற ஒரு சின்ன இடம் அதற்கு முந்தின தாளில் இருந்தது. அதோடு முடித்துக்கொண்டு மிச்சம் அத்தனையையும் மேடத்திடம் நீட்டினேன். அந்த ஒரு முறை அவர் நிச்சயமா என்று கேட்கவில்லை. ஒரு பெண்ணைக் காப்பாற்றிய நிம்மதியோடு அன்று விடுதிக்குப் போனேன் என்றால் நம்புவீர்களா?

பிறகு நடந்தது எல்லோருக்கும் நடப்பதுதான். நோட்டைப் பார்த்துச் செல்போனிலேயே டைப் செய்தேன், நாலு மாதம் ஆனது. மூன்று இடத்தில் பிரதி வைத்துக்கொண்டேன். நாவல்கள் போடுகிற பதிப்பகங்கள் எவை என்று நூலகத்தில் புத்தகம் புத்தகமாகப் படித்துப் பார்த்துக் குறித்தேன். ஒரு பக்கக் கடிதத்தைப் பத்துத் தடவை எழுதினேன், மேடத்தின் அறிக்கையை மனதில் வைத்துக்கொண்டு. முதலில் அனுப்பிய இடத்திலிருந்து வருந்துகிறோம் என்று இரண்டு வரி வந்தது. இரண்டாவது இடத்திலிருந்து எட்டு மாதம் கழித்து போன் வந்தது. அவர்கள் இன்னும் வெட்டச் சொன்னார்கள், சில இடத்தில் சேர்க்கச் சொன்னார்கள். மெய்ப்பு மூன்று முறை வந்தது. எழுத்துப் பிழைகளை நான் ஆலையில் கீறல் பார்க்கிற கண்ணோடு பார்த்துத் தந்ததில் அங்கே எனக்கு நல்ல பெயர். இப்போது என்னிடம் வந்து கேட்கிற பிள்ளைகளிடம் இதையெல்லாம் சொல்கிறேன். கடைசியாக, அனுப்புவதற்கு முன்னால் முழுவதையும் ஒருமுறை கையால் பார்த்து எழுதிப் பாருங்கள், எதை எழுதக் கைக்குச் சோம்பலாக இருக்கிறதோ அதை விட்டுவிடுங்கள் என்கிறேன். அவர்களுடைய முகம் தொங்கிப்போகிறது. பதிப்பாளரின் போன் நம்பரைத்தான் அவர்கள் எதிர்பார்த்து வருகிறார்கள். அதையும் தருகிறேன்.

புத்தகம் வந்தபோது நான் வேறு ஆலைக்கு மாறியிருந்தேன். படப்பை நூலகத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சின்னதாக ஓர் அறிமுகக் கூட்டம் வைத்தார்கள். விடுதித் தோழிகளில் மூன்று பேர் வந்தார்கள். கூட்டம் தொடங்கியபோது, சர்ச்சிலிருந்து நேராக, பட்டுப் புடவையும் கையில் பைபிளுமாக டாக்குமென்ட் மேடம் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். கூட்டம் முடியும்வரை ஓர் அசைவு இல்லை. எல்லோரும் போன பிறகு அவரிடம் ஒரு பிரதியைக் கொடுத்தேன். கதைப் புத்தகம் படிக்கிற பழக்கம் தனக்கு இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் வாங்கிக்கொண்டார். அட்டையைப் பார்க்கவில்லை, கதையைப் புரட்டவில்லை. பதிப்பு விவரம் இருக்கிற பக்கத்தைத் தேடி எடுத்து, விரலை வைத்து வரிவரியாகப் படித்தார்.

"முதல் பதிப்புன்னு போட்டுகீது. இதுல தப்பு எதுனா கண்டுபுடிச்சா இன்னா பண்ணுவாங்க?"

"ரெண்டாம் பதிப்புல திருத்துவாங்க மேடம்."

"அப்போ இந்தப் பழசெல்லாம் திரும்ப வாங்கிடுவாங்களா?"

"இல்ல மேடம். போனது போனதுதான். யார் யாருகிட்ட இருக்குன்னே தெரியாது."

"கவுண்ட் கேக்க மாட்டாங்களா?"

"கேக்க முடியாது மேடம்."

அவர் புத்தகத்தை மூடி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக்கொண்டார். தன் கையால் கொடுத்த ஒவ்வொரு தாளையும் தன் கையாலேயே திரும்ப வாங்கிக் கிழித்த பெண். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"அப்பாடா" என்றார். "ஒரு பேப்பராவது வெளிய போயி நல்லா இருக்கட்டும்."